இருக்கைக்கு அடியில் வைத்த நாடா

அத்தானின் அமெரிக்கக் காரில் முன்னிருக்கை மின்சாரத்தில் நகரும். இருக்கையின் கதவுப் பக்கத்தில் விரலளவு சுவிச்சு ஒன்று இருந்தது. அதை முன்னே தள்ளினால் நீளமான அந்த இருக்கை முழுவதும், ஆள் இருக்க இருக்கவே, உறுமிக்கொண்டு முன்னே போகும். தூக்கினால் உயரும். ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சியில் மின்விளக்கு எரிந்த வீடுகளே அரிது. அப்படிப்பட்ட ஊரில் தானாக நகரும் இருக்கையோடு ஒரு கார் வந்து நின்றால் விடுவார்களா? பார்க்க வந்தவர்களை எல்லாம் ஏற்றி முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டியதில் முதல் வாரமே பற்றரி செத்துப்போயிற்று.

அத்தான் என் அக்காவின் கணவர். குளக்கட்டு, வாய்க்கால் வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்தவர். கொழும்பில் ஒரு தூதரகத்தில் இருந்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற காரை அவர் வாங்கினார். கார் பெற்றோலைத் தண்ணீர் போலக் குடித்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. ஊரில் எல்லோரும் அவருக்குப் பைத்தியம் என்றார்கள். அந்தக் காருக்குக் கிளச் இல்லை, கியர் தானாக மாறும் என்பதற்காகவே அவர் அதை வாங்கினார் என்பது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

அக்காவுக்கு இடது கால் சரியில்லை. நான்கு வயதில் வந்த காய்ச்சல் அந்தக் காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பாள். வெளியே போவதென்றால் மாட்டு வண்டில் வேண்டும், ஏற்றி இறக்க ஒருவர் வேண்டும். அந்தக் காலைக் காரணம் காட்டித்தான் அவளைவிட மிகவும் வயது மூத்தவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தோம். அந்த மனிதர் நல்லவராக அமைந்தது எங்கள் கெட்டித்தனம் அல்ல.

கிளச் இல்லாத காருக்கு வலது கால் ஒன்றே போதும். வீட்டுக்குப் பின்னால் இருந்த தரிசு வயலில் அத்தான் அவளுக்கு ஓட்டப் பழக்கினார். அவள் கட்டை. இருக்கையை முழுவதும் முன்னுக்குத் தள்ளி, முழுவதும் உயர்த்தினால்தான் பிரேக்குக்குக் கால் எட்டும், தெருவும் தெரியும். அத்தானோ நெட்டை. அவள் முன்னே போகும்போது பக்கத்தில் இருக்கும் அவருடைய முழங்கால்கள் முன்பலகையில் இடிக்கும்.

“இஞ்சாரும், நீர் பிரேக்கைத் தேட நான் காலைக் கழட்டிப் பின்னாலை போடவேண்டிக் கிடக்கு,” என்பார்.

“அப்ப பின்னுக்குப் போய் முதலாளி மாதிரி இருங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?” என்பாள் அக்கா.

அவரும் பின்னால் போய் முதலாளி மாதிரி இருந்துகொள்வார்.

பிறகு அவள் தனியாகவே போகத் தொடங்கினாள். சந்தைக்குப் போனாள். கோயிலுக்குப் போனாள். காரின் பின்பெட்டியில் கையால் சுற்றும் தையல் மெசினை வைத்துக்கொண்டு வட்டக்கச்சிக்குப் போய், அங்கே காணி பெற்றுக் குடியேறியிருந்த குடும்பங்களின் பெண்களுக்குச் சட்டை வெட்டவும் தைக்கவும் பழக்கினாள். புதிதாகக் காடு வெட்டிய இடம் அது. அந்தப் பெண்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. மரத்தடியில் பாயை விரித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பார்களாம். பெற்றோல் அடிக்கும் செட்டில் யாரோ அவளுக்கு ‘ஒற்றைக்கால் டிறைவர்’ என்று பட்டம் வைத்தார்கள். அதை அவளே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள். “ரண்டு கால் உள்ளவை மாட்டிலை இடிக்கினம், மதகிலை இடிக்கினம். நான் இன்னும் ஒண்டிலையும் இடிக்கேல்லை.”

நான் அப்போது கொழும்பில் மின்சாரத் தொழில் படித்து முடித்து, ஓர் அரசாங்க வேலையில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படிப்புப் படித்தவன் நான் ஒருவன்தான். விடுமுறைக்கு நான் வருவதற்காக அக்கா வீட்டில் பழுதானவை எல்லாம் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். டோர்ச், வானொலிப் பெட்டி, ஓடாத மணிக்கூடு எல்லாம் ஒரு மேசையில் வரிசையாக இருக்கும். வேறு எவரிடமும் அவள் கொடுக்கமாட்டாள். “தம்பி வரட்டும்” என்று விடுவாள்.

ஒரு மாரியில் அத்தான் வவுனியா போய் வரும்போது தெரு தாழ்ந்து வாய்க்காலைக் கடக்கும் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. காரைத் துணிந்து விட்டுவிட்டார். இயந்திரம் நிற்கவில்லை, ஆனால் உள்ளே கால் வைக்கும் இடமெல்லாம் தண்ணீர் வந்தது. மாரி முடிந்து சில வாரங்களில், ஒரு காலை அக்கா போய் உட்கார்ந்து சுவிச்சைத் தள்ளியபோது இருக்கை அசையவில்லை. முதல்நாள் அத்தான் ஓட்டிவிட்டு விட்டபடி, கடைசிவரை பின்னுக்கும் கடைசிவரை தாழ்வாகவும் அது நின்றுவிட்டது. அவளுடைய கால் பிரேக்கை எட்டவில்லை. நான் வரும்வரை அவள் காத்திருந்தாள்.

நான் நேரே கிளிநொச்சிக்கு வரவில்லை. முதலில் யாழ்ப்பாணத்தில் அம்மாவிடம் போனேன். எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நல்ல இடம், படித்த பெண். ஒருமுறை பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. அன்று மாலை தரகர் வந்தார். வழக்கமாகக் கலகலவென்று பேசுகிறவர், அன்று தேத்தண்ணீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“தம்பி குறை நினைக்கக்கூடாது. பொம்பிளைப் பகுதி ஒரு கதை கேள்விப்பட்டிருக்கினம். கிளிநொச்சியிலை கால் ஏலாத ஒரு மனிசி பெரிய காரொண்டைத் தனிய ஓட்டித் திரியுதாம். அது உங்கடை தமக்கையோ எண்டு கேக்கினம்.”

நான், “ஓம். அதுக்கு என்ன?” என்றேன்.

“ஓட்டுறதைப் பற்றி இல்லைத் தம்பி. அந்தக் கால்... பிறவியிலையோ, குடும்பத்திலை வேறை ஆருக்கும் இருக்கோ எண்டுதான். பிள்ளையளுக்கு வருமோ எண்டு பயப்பிடுகினம். பொம்பிளையின்ரை மாமன்காரன் அந்தப் பக்கம் வந்து விசாரிக்கப் போறாராம். அவ கொஞ்ச நாளைக்கு வீட்டோடை இருந்தால் நல்லது. தெருவிலை கண்டால்தானே கதை வரும்?”

காய்ச்சலில் வந்த கால் என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்கமாட்டார்கள். சந்தியிலும் கடையிலும் கிணற்றடியிலும் கேட்பார்கள். அங்கெல்லாம் என் அக்காவின் பேச்சு இருந்தது.

மறுநாள் கிளிநொச்சியில் இறங்கினேன். எதையும் கெடுக்கும் எண்ணத்தோடு நான் போகவில்லை. இதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது உண்மை. காலையில் நான் காரைத் திறந்தபோது அக்கா கதிரையைக் கொண்டுவரச் செய்து பக்கத்தில் இருந்தாள்.

“இண்டைக்குச் சரி வருமோ?”

“சுவிச்சை அமத்து பாப்பம்.”

முன்விளக்கைப் போட்டுவிட்டு அவளைச் சுவிச்சை அழுத்தச் சொன்னேன். மோட்டர் சிக்கிக்கொண்டு இழுத்தால் விளக்கு மங்கும். விளக்கு மங்கவே இல்லை. அப்படியானால் மின்சாரம் சுற்றி வரவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது என்று அவளுக்குச் சொன்னேன். “பெரிய வருத்தம் இல்லைப் போலை,” என்றும் சொன்னேன்.

“அப்ப நான் வட்டக்கச்சிக்கு ஒருக்காப் போய்ச் சொல்லிப்போட்டு வரட்டே, நாளைக்கு வாறன் எண்டு? பாவங்கள், பாயோடை இருக்குங்கள்.”

“போய்ச் சொல்லு,” என்றேன்.

பக்கத்து வீட்டு வண்டிலில் அவளை ஏற்றிவிட்டேன். அத்தான் வாய்க்கால் வேலைக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன்.

சிறு பல்பு ஒன்றில் இரண்டு வயர் பூட்டிய சோதனை விளக்கை நான் எப்போதும் கொண்டு திரிவேன். அதன் ஒரு முனையைக் காரின் உடலில் வைத்து, மறுமுனையால் சுவிச்சைத் தொட்டேன். எரிந்தது. சுவிச்சை அழுத்தியபடி மோட்டருக்குப் போகும் வயரைத் தொட்டேன். அங்கும் எரிந்தது. மோட்டர் வரைக்கும் மின்சாரம் வருகிறது, மோட்டர் மட்டும் சுற்றவில்லை. இந்த இடத்தில் மோட்டர் எரிந்துவிட்டது என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. மின்சாரம் வந்தால் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும். இருக்கைக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்தேன். மோட்டரிலிருந்து வந்த எர்த் வயர் தரைத்தகட்டில் ஒரு திருகாணியால் முடுக்கப்பட்டிருந்த இடம் வெள்ளத்தில் துருவேறி, பாசி போலப் பச்சை பிடித்திருந்தது. கழற்றினேன். அரத்தாளால் தேய்த்துத் தகட்டையும் வயரின் வளையத்தையும் பளபளக்கச் செய்து திரும்ப முடுக்கினேன். சுவிச்சைத் தள்ளினேன். இருக்கை உறுமிக்கொண்டு முன்னே போயிற்று.

வேலை அவ்வளவுதான்.

நான் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அவளுடைய இடத்தில் என் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. நாளைக்கு அவள் சந்தைக்குப் போவாள். பெற்றோல் செட்டில் நிற்பாள். பெண்ணின் மாமன் எந்த நாளில் வருவார் என்று யாருக்குத் தெரியும்? கலியாணம் முடியும்வரை மட்டும்தானே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. பிறகு நானே வந்து சரிசெய்து விடலாம். யாருக்கு என்ன நட்டம்?

சுவிச்சைப் பின்னே தள்ளி, இருக்கையைக் கடைசிவரை பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோனேன். ஆணியைத் திரும்பக் கழற்றினேன். கொழும்பிலிருந்து கொண்டுவந்த, வயருக்குச் சுற்றும் கறுப்பு ஒட்டுநாடாவில் ஒரு துண்டு வெட்டி, ஆணியைச் சுற்றியும் அதன் தலைக்கு அடியிலும் ஒட்டி, வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையிலும் மடித்து வைத்து முடுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக முடுக்கிய வயர். அதனூடாக மின்சாரம் போகாது. சுவிச்சை அழுத்திப் பார்த்தேன். இருக்கை அசையவில்லை.

அக்கா மத்தியானம் வந்தாள். வண்டிலில் இருந்தபடியே, “என்னடா, சரியோ?” என்றாள்.

“மோட்டர் எரிஞ்சு போச்சு அக்கா.”

அவள் வண்டிலிலிருந்து காரின் பக்கம் முகத்தை நீட்டினாள். “எரிஞ்ச மணம் ஒண்டும் வரேல்லையே?”

“எல்லாம் மணக்காது.”

“இனி?”

“அமெரிக்காவிலையிருந்துதான் எடுப்பிக்க வேணும்.”

“நான் நாளைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டனே,” என்றாள்.

பின்னேரம் அத்தான் வந்தார். இருக்கையைக் கழற்றி முன்னுக்கு வைத்து ஆணி அடிக்க முடியாதா என்று கேட்டார். செய்திருக்கலாம். தரைத்தகட்டில் துளை போட்டால் ஓடும்போது இருக்கை பிடுங்கிக்கொண்டு வரும் என்று நான் சொன்னேன். சந்தியில் உள்ள கராச்காரனைக் கூப்பிட்டு ஒருமுறை காட்டலாமா என்று கேட்டார். அதற்கு அக்கா சொன்னாள்.

“என்ன கதை கதைக்கிறியள்? என்ரை தம்பி பாத்தவன். அவன் பாத்ததுக்கு மேலை கராச்காரன் வந்து பாக்கிறதோ? கேட்டால் ஊர் சிரிக்கும்.”

“அதுவும் சரிதான்,” என்றார் அத்தான்.

வீட்டில் படித்தவன் ஒருவன் இருக்க, அவன் பார்த்த பொருளை வெளி ஆளிடம் கொடுப்பது அவனுக்கு அவமானம் என்பது எங்கள் வழக்கம். என் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கார் வேறு எவர் கையிலும் போகவில்லை.

அடுத்த நாள் அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையும் கீழே ஒன்றும் வைத்துக்கொண்டு முற்றத்தில் ஓட்டிப் பார்த்தாள். அத்தான் முன்னால் நின்று கைகாட்டினார். கார் நகர்ந்தது. திருப்பத்தில் பிரேக்கை அழுத்தியபோது தலையணை சறுக்க, அவள் பின்னே சாய்ந்துபோனாள், கால் தவறியது. கார் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் முருங்கை மரத்தில் நின்றது. அத்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, “முருங்கை எப்பிடியும் விழ இருந்ததுதான், விடும்,” என்று சிரிக்கப் பார்த்தார். அவளுடைய கை ஸ்டியரிங்கை விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, “ஒற்றைக்கால் டிறைவர் கடைசியிலை இடிச்சுப்போட்டா!” என்று கூவினார்கள்.

நான் அங்கேதான் நின்றேன். சட்டைப்பையில் அந்த நாடாச் சுருள் இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கில் கை வைக்கவில்லை.

பெண்ணின் மாமன் வந்து போனார். என்ன கேட்டார், என்ன கேள்விப்பட்டார் என்று தெரியாது. கலியாணம் ஒப்பேறியது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் சகோதரிதான் மணவறையில் தோழியாக நிற்கவேண்டும். சுற்றி வர அவளுக்குக் கஷ்டம் என்று சொல்லி ஒன்றுவிட்ட தங்கையை நிறுத்தினோம். “அக்கா, ஆக்கள் வர முதல் வந்து கதிரையிலை இருந்திடு” என்று நானே அவளிடம் சொன்னேன். அவள் அப்படியே வந்து, தன் கலியாணக் கூறைச்சேலை மடிப்புக் கலையாமல், எல்லோரும் எழுந்து போகும்வரை இருந்தாள். என் மனைவியின் வீட்டார் அவளை ஒரு பெரிய மனுஷி என்று நினைத்தார்கள்.

கலியாணம் முடிந்தபின் நாடாவை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எரிந்த மோட்டர் எப்படி உயிர் பெற்றது என்று கேட்டால் என்ன சொல்வது? ஒவ்வொரு விடுமுறையிலும் அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளினேன். வட்டக்கச்சிப் பெண்களில் இரண்டொருவர் சில நாள் அக்கா வீட்டுக்கு நடந்து வந்தார்கள். தூரம் அதிகம், வயல்வேலை வேறு. பிறகு வரவில்லை. தையல் மெசினுக்கு மேலே துணி போட்டு மூடியிருந்தது.

இரண்டாவது வருடம் அத்தான் கொழும்புக்கு வந்தபோது காரை விற்கப்போவதாகச் சொன்னார். “அவவுக்காகத்தான் மச்சான் அந்த யானையைக் கட்டித் தீனி போட்டனான். இனி என்னத்துக்கு? பூவரசங்குளத்திலை மில் வைச்சிருக்கிற ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திட்டன். நல்ல நெட்டை ஆள். சீற் பின்னுக்கு நிண்டால் அவருக்குக் காரியமில்லை.”

அடுத்த ரயிலில் நான் கிளிநொச்சிக்குப் போனேன். அக்காவை நினைத்துப் போனேன் என்று எழுத ஆசைதான். அதற்காகப் போகவில்லை. வாங்குகிறவர் ஆள் கொண்டுவந்து காரைச் சோதிப்பார், இருக்கைக்கு அடியில் என் நாடாவைக் காண்பார் என்ற பயத்தில்தான் போனேன்.

வாங்குகிறவர் பின்னேரம் வருவதாக இருந்தது. அத்தான் அவரைக் கூட்டிவரச் சந்திக்குப் போனதும் நான் காருக்குள் தலையைக் கொடுத்தேன். நாடா வெயிலில் உருகி ஒட்டியிருந்தது. உரித்து எடுத்து, தேய்த்து, வயரை முடுக்கிச் சுவிச்சைத் தள்ளினேன். மோட்டர் உறுமியது. அந்தச் சத்தத்தில் அக்கா கால் இழுத்து வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கையில் நாடாத் துண்டு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

“இது கலியாணத்துக்கு முதல் வைச்சதோ?”

“ஓம்.”

“ஏன் எண்டு கேக்கேல்லை. அது விளங்குது. பிறகு ஏன் எடுக்கேல்லை?”

நான் இறங்கினேன். அவள் ஏறி உட்கார்ந்து சுவிச்சைத் தள்ளினாள். இருக்கை அவளை முன்னே கொண்டுபோயிற்று. வலது காலைப் பிரேக்கில் வைத்து ஒருமுறை அழுத்தினாள். கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்தாள்.

“விக்க வேண்டாமெண்டு அத்தானிட்டைச் சொல்லுவம் அக்கா,” என்றேன்.

“அவர் வாக்குக் குடுத்திட்டார். வாக்கை மாத்துறதெண்டால் காரணம் சொல்லவேணும். நீ சொல்லுவியோ?”

சொல்கிறேன் என்றால் போதும். அந்த மனிதர் கோபப்பட்டிருப்பார், ஒரு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பார், காரை விற்றிருக்கமாட்டார். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். என் மனைவிக்குத் தெரியவரும், அவள் வீட்டாருக்குத் தெரியவரும் என்றெல்லாம் என் மனம் ஓடியது. நாடாத் துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அவள் மெல்லச் சுவிச்சைப் பின்னே தள்ளினாள். உறுமல் நிற்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

“வாங்குறவர் நெட்டை ஆளாம்,” என்றாள். கதவைப் பிடித்து இறங்கினாள். நான் கை நீட்டினேன், கதவையே பிடித்துக்கொண்டாள்.

வாங்கியவர் சுவிச்சை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அத்தான்தான் திகைத்துப்போனார். “மோட்டர் எரிஞ்சதெண்டாய், மச்சான்?”

எனக்கு முன்னே அக்கா சொன்னாள். “தம்பி கொழும்பிலையிருந்து சாமான் கொண்டந்து போட்டவன். விக்கிற பொருள் பழுதோடை போகக்கூடாதெண்டு.”

“அட, கொஞ்சம் முதல் கொண்டந்திருக்கலாமே மச்சான். நான் வாக்குக் குடுத்திருக்கமாட்டனே,” என்றார் அவர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இன்னும் அந்த முகம் நினைவிருக்கிறது. கார் போன பிறகு முற்றத்தில் எண்ணெய் சொட்டிய இடத்தில் மண் அள்ளிப் போட்டார்.

அக்கா அதைப் பற்றி எவரிடமும் பேசவில்லை. அத்தானும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். நான் போகும் போதெல்லாம் அவள் எனக்குச் சமைத்தாள். என் பிள்ளைகளுக்குத் தன் கையால் சட்டை தைத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்காகப் பழுதான பொருட்கள் காத்திருந்த அந்த மேசையில் அதன்பின் ஒரு பூச்சாடி இருந்தது.

ஒருமுறை அவளுடைய வானொலிப் பெட்டி ஊமையாகக் கிடந்தது. செய்தி நேரம். அவளுக்குச் செய்தி கேட்காமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

“என்ன, பாடாதோ? தாவன் பாப்பம்,” என்றேன்.

“வேண்டாம் தம்பி, கிடக்கட்டும்,” என்றாள். “சந்தியிலை ஒரு பெடியன் இருக்கிறான். அவனிட்டைக் குடுத்துவிடுறன்.” சொல்லிவிட்டு, நான் சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனாள்.